பினாங்குத் தீவில் மூன்று நாள்

ஆசிரியர்களுக்கு விடுமுறை என்பது பெயரளவில்தான். ஆண்டறிக்கை, தளவாடக் கணக்கு, புதிய மாணவர் பதிவு என ஏதேனும் ஒன்று பள்ளி அலுவலகத்தில் காத்துக்கொண்டே இருக்கும். தலைமையாசிரியருக்கோ கேட்கவே வேண்டியதில்லை. இந்நிலையில், ஆண்டிறுதி விடுமுறையில் மூன்று நாள் பினாங்குத் தீவில் தங்கிவருவதென்று என் மனைவியார் முடிவு செய்தார். கோப்பு எதையும் கையோடு கொண்டுவரக் கூடாது என்பது அவர் விதித்த ஒரே நிபந்தனை. ஒப்புக்கொண்டேன். சொன்ன சொல் தவறாமல் கோப்புகளை வீட்டிலேயே விட்டுச் சென்றேன். ஆனால் திரும்பி வருகையில் ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு வந்தேன். அக்கேள்வியையும் அதற்குரிய விடையைத் தேடிச் சென்ற வழியையும் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பினாங்கு எனக்குப் புதியதன்று. கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் தோட்டத்து மக்களுக்கு ஆண்டுக்கொரு முறை பினாங்கு உண்டு. தைப்பூசத்துக்கு முதல்நாள் லாரியிலும் பேருந்திலுமாகப் பட்டர்வொர்த் வந்து, அங்கிருந்து ஃபெர்ரி ஏறித் தண்ணீர்மலைக்குப் போவோம். அம்மா முந்தானை முடிச்சில் காசை முடிந்து வைத்திருப்பார். ஃபெர்ரியின் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நான் கடலைப் பார்த்து நிற்பேன். அம்மாவின் கை என் சட்டைக் கழுத்தைப் பிடித்தபடி இருக்கும். 1985ஆம் ஆண்டில் பினாங்குப் பாலமும் 2014ஆம் ஆண்டில் இரண்டாம் பாலமும் திறக்கப்பட்டன. கார்களையும் மக்களையும் ஒருசேரச் சுமந்த அந்தப் பழைய ஃபெர்ரிகள் 2021ஆம் ஆண்டோடு ஓய்வு பெற்றன. இம்முறை நாங்கள் பாலத்தின் வழியே காரில் சென்றோம். நான் ஃபெர்ரியில் கண்ட கடலை, பதினைந்து வயது நிறைந்த என் இளைய மகன் கார்ச் சன்னல் வழியாகக் கண்டான்.

கடற்கரையில் ஒரு நாள்

முதல்நாளைக் கடற்கரைக்கென்றே ஒதுக்கினோம். தீவின் வடகரையில் உள்ள பத்து ஃபெரிங்கியில் தங்கினோம். காலையில் மணலில் நடை, நண்பகலில் மரநிழலில் உறக்கம், மாலையில் இளநீர் என்று பொழுது சென்றது. மகன் நீரைவிட்டு வெளியே வரவில்லை. பள்ளி மணி ஒலிக்காத ஒரு நாள் எவ்வளவு நீளமானது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

ஆசிரியனின் மனம் சும்மா இருப்பதில்லையே! அவ்விடத்தின் பெயரையே எண்ணிப் பார்த்தேன். மலாய் மொழியில் 'பத்து' என்பது கல். 'ஃபெரிங்கி' என்பது ஐரோப்பியரைக் குறிக்கும் சொல். நாம் 'பறங்கி' என்கிறோமே, அதே சொல்லின் மற்றொரு வடிவம். பறங்கிப்பேட்டையும் பத்து ஃபெரிங்கியும் வங்கக் கடலின் இருகரையிலும் பெயரளவில் உடன்பிறந்தவை எனலாம். 'பினாங்கு' என்பது பாக்கைக் குறிக்கும் மலாய்ச் சொல். கமுகுத் தீவு என்பதே இத்தீவின் பொருள். நம்மவர் தம் பங்குக்குச் சில பெயர்களைச் சூட்டியுள்ளனர். ஆங்கிலேயர் கொடியேற்றிய மலை நம் மக்களுக்குக் கொடிமலை. அருவி விழும் மலை தண்ணீர்மலை. ஓரிடத்துக்குத் தம் மொழியில் பெயரிட்டு அழைப்பவர், அங்கே சிலகாலமேனும் வாழ்ந்து பழகியவராகத்தான் இருக்க வேண்டும்.

மாலையில் வானம் தெளிந்தபோது வடக்கே கடலுக்கப்பால் குனோங் ஜெராய் மலை நீலநிறமாய்த் தெரிந்தது. அம்மலையின் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு உள்ளது. சோழர் கல்வெட்டுகள் கடாரம் என்று கூறும் நாடு அது. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பியதையும், 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியதையும் யாவரும் அறிவர். அந்தப் பெருமையை மேடைதோறும் நாம் பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன். ஆனால், மலைக்கு எதிரே அமைந்த இத்தீவில் அண்மைக் காலத்தில் நம்மவர் எவ்வாறு வாழ்ந்தனர் என்று கேட்டால் நம்முள் பலர்க்கும் விடை தெரியாது. மறுநாளே அந்தச் சோதனை எனக்கு வந்தது.

கோட்டையடியில் எழுந்த கேள்வி

இரண்டாம் நாள் பழைய நகரைக் காணச் சென்றோம். ஜார்ஜ் டவுன், இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரால் அமைந்த நகர். அதன் வடகிழக்கு முனையில், கடலைப் பார்த்தவாறு கார்ன்வாலிஸ் கோட்டை நிற்கிறது. சுற்றுச்சுவரைக் கையால் தடவிக்கொண்டே நடந்த மகன், "அப்பா, இதைக் கட்டியது யார்?" என்று கேட்டான்.

"பிரான்சிஸ் லைட்" என்றேன். முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் சொல்லிவரும் விடை அல்லவா? நாவில் தானாகவே வந்துவிட்டது.

"அவர் தளபதி மாதிரி அல்லவா? செங்கல்லை எடுத்து வைத்தது யார் என்று கேட்டேன்" என்றான்.

நான் உடனே விடை சொல்லவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு விரிவுரையாற்றிய முதியவர் ஒருவர், மாணவன் கேட்கும் கேள்விக்கு விடை தெரிந்தும் அரைகுறையாகச் சொல்வது தெரியாது என்பதைவிடப் பெரிய குற்றம் என்பார். அன்று அது நினைவுக்கு வந்தது.

நடந்தவற்றை முறையாகச் சொல்வோம். 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள், கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கைக்கொண்டு, வேல்ஸ் இளவரசர் தீவு என்று பெயரிட்டார். தீவு கெடா சுல்தானுக்கு உரியது. லைட் வருவதற்கு முன்பே பத்து உபான் போன்ற இடங்களில் மலாய்க் குடியிருப்புகள் இருந்தன. சயாமின் தாக்குதலிலிருந்து தம் நாட்டைக் காக்கக் கம்பெனியின் படை வரும் என்று சுல்தான் அப்துல்லா நம்பினார். கம்பெனியோ தீவை எடுத்துக்கொண்டது. படையுதவிக்கு உறுதி தரவில்லை. 1791ஆம் ஆண்டில் தீவை மீட்க முயன்ற சுல்தான் தோல்வியுற்றார். ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி பெறும் உடன்படிக்கையோடு அவர் அமைதியுற நேர்ந்தது.

காட்டை வெட்டித் திருத்த ஆட்கள் தயங்கியபோது, லைட் பீரங்கியில் வெள்ளிக்காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டார் என்றொரு கதை உண்டு. அக்கதையை மாணவர்கள் விரும்பிக் கேட்பர். காசைச் சுட்டவரின் பெயர் கதையில் இருக்கிறது. வெட்டுக்கத்தியோடு காட்டுக்குள் புகுந்தவர்களின் பெயர் இல்லை.

லைட் முதலில் எழுப்பியது நிபோங் பனைமரங்களை நட்டுச் செய்த அடைப்பே. அவர் 1794ஆம் ஆண்டில் மறைந்தார். இன்று நாம் காணும் செங்கற்கோட்டை அவருடைய மறைவுக்குப் பின்னர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பெற்றது. அதைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த கைதிகள். எனவே, என் மகனுக்கு நான் முதலில் கூறிய விடை இருவகையிலும் பிழையானது. கோட்டை வாயிலில் நின்றபடியே அதைத் திருத்திச் சொன்னேன்.

கைதிகளின் கைவண்ணம்

1790ஆம் ஆண்டுகள் தொடங்கிப் பல்லாண்டுகள், கம்பெனி தன் இந்தியச் சிறைகளிலிருந்து இத்தீவுக்குக் கைதிகளை அனுப்பி வந்தது. காலில் விலங்கோடு அவர்கள் சாலை போட்டனர், சதுப்பு நிலத்தைத் தூர்த்தனர், வடிகால் வெட்டினர், அரசாங்கக் கட்டடங்களை எழுப்பினர். கோட்டையிலிருந்து சிறிது தூரத்தில், வெண்ணிறத் தூண்களோடு அழகுற விளங்கும் புனித ஜார்ஜ் தேவாலயம் 1818ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. அதற்கு உழைத்தவர்களும் இந்தியக் கைதிகளே. பயணிகள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். நாங்களும் எடுத்துக்கொண்டோம்.

கைதிகள் என்றால் திருடரும் கொலைஞரும் மட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது. 1801ஆம் ஆண்டில் தென்தமிழ்நாட்டில் கம்பெனியை எதிர்த்துப் பெரும்போர் நடந்தது. அவ்வாண்டு ஜூன் திங்களில் மருது பாண்டியரின் அறிக்கை திருச்சியில் ஒட்டப்பட்டது. அக்டோபர் 24ஆம் நாள் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். எஞ்சியோருள் எழுபதுக்கும் மேற்பட்டவர்களை 1802ஆம் ஆண்டு பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பலேற்றி வேல்ஸ் இளவரசர் தீவுக்கு அனுப்பினர். சிவகங்கை மன்னர் வேங்கை பெரிய உடையணத் தேவர் அவர்களுள் ஒருவர். சின்ன மருதுவின் மகன் துரைசாமி மற்றொருவர். தந்தையையும் பெரிய தந்தையையும் உறவினர் பலரையும் ஒருசேர இழந்த அச்சிறுவனுக்கு அப்போது வயது ஏறத்தாழ பதினைந்து.

அத்துரைசாமியைப் பற்றிய குறிப்பு, அவருடைய பகைவர் அணியைச் சேர்ந்த ஒருவரால் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் கம்பெனிப் படை அதிகாரியின் நினைவுக் குறிப்புகள் 1830ஆம் ஆண்டில் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தன. போருக்கு முன்னர் மருது சகோதரர்களோடு நட்புறவாகப் பழகியவர் அவர். தமக்கு வேல் எறியவும் வளரி வீசவும் கற்றுத் தந்தவர் சின்ன மருதுவே என்று நன்றியோடு எழுதியுள்ளார். பின்னர் அதே குடும்பத்துக்கு எதிராகப் போர்க்களத்தில் நின்றார். காலம் உருண்டோடியது. 1818ஆம் ஆண்டில் பினாங்கில் இருந்த வெல்ஷை, உடல் தளர்ந்து மூப்படைந்த தோற்றமுடைய ஒருவர் காண வந்தார். இன்னாரென்று வெல்ஷுக்கு விளங்கவில்லை. வந்தவர் தம் பெயரைச் சொன்ன பிறகே, ஒருகாலத்தில் தாம் அறிந்திருந்த சிறுவன் துரைசாமி என்பது தெரிந்தது. பதினைந்து வயதில் கப்பலேறியவர்க்கு அப்போது முப்பதைச் சற்றே கடந்த வயதுதான். பதினாறு ஆண்டுத் தீவு வாழ்க்கை அவரை முதியவராக்கியிருந்தது.

தேவாலயத்தின் எதிரே மரநிழலில் அமர்ந்து இவ்வரலாற்றை மகனுக்குச் சொன்னேன். "என் வயதா, அப்பா?" என்று மட்டும் கேட்டான். முதல்நாள் முழுவதும் அவன் நீந்தி விளையாடிய கடலைக் கடந்துதான் அச்சிறுவன் இங்குக் கொணரப்பட்டான். மனைவியார் பேசாமல் மகனின் தலையைக் கோதிவிட்டார்.

தெருக்கள் கூறும் செய்தி

விலங்கோடு வந்தவர்களைப் போலவே, பிழைப்பை நாடித் தாமே வந்தவர்களும் உண்டு. இவர்கள் வரலாறு கண்ணீரால் மட்டும் ஆனதன்று. சோழமண்டலக் கரைத் துறைமுகங்களிலிருந்து வந்த சூலியர் ஏறத்தாழ ஆயிரவர் இங்குக் குடியேறியுள்ளனர் என்றும், அவர்கள் கடைகாரர்களாகவும் கூலியாட்களாகவும் இருக்கின்றனர் என்றும், அவர்களுள் பலர் முன்பே கெடாவில் வாழ்ந்தவர்கள் என்றும் லைட் 1794ஆம் ஆண்டில் எழுதினார். அவர்களைத் தவிர, ஆண்டுதோறும் கப்பல்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வந்து உழைத்துச் சிறுபொருள் ஈட்டித் திரும்பினர். நகரம் பிறந்து எட்டே ஆண்டுகளில் நம் மக்கள் அதன் உறுப்பாகிவிட்டனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

சூலியா தெரு இன்றும் அவர்கள் பெயரைத் தாங்கி நிற்கிறது. நகரத்துத் தென்னிந்திய முசுலிம்களுக்குத் தலைவராக நியமிக்கப்பட்ட காதர் முகைதீன் என்பார் 1801ஆம் ஆண்டில் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், குவிமாடங்களோடும் ஓங்கிய மினாராவோடும் காட்சி தருகிறது. நாகூர் ஆண்டவர் சாகுல் அமீதின் நினைவாக எழுந்த தர்கா ஒன்றும் அருகிலேயே உண்டு. குவீன் தெருவில் 1833ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட மகாமாரியம்மன் ஆலயம், கடைகளுக்கு நடுவே தன் சிறு கோபுரத்தை உயர்த்தி நிற்கிறது. பள்ளிவாசலும் ஆலயமும் சீனரின் குவான் யின் கோயிலும் தேவாலயமும் கூப்பிடு தூரத்திலேயே அமைந்துள்ளன. இவ்வொற்றுமையைப் பறைசாற்றிய மேடை எதுவும் அக்காலத்தில் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தனர். ஆகவே பக்கத்தில் பக்கத்தில் வழிபட்டனர்.

மார்க்கெட் தெருவை நம்மவர் கடைத்தெரு என்றனர். கிங் தெரு அவர்களுக்குப் படகுக்காரத் தெரு. கரைக்கு எட்ட நின்ற கப்பல்களிலிருந்து சரக்கையும் ஆட்களையும் கொண்டுவந்து சேர்த்த தமிழ்ப் படகோட்டிகள் வாழ்ந்த தெரு அது. பீச் தெருவில் நின்று, "கடற்கரைத் தெரு என்கிறார்கள், கடல் எங்கே?" என்று மகன் கேட்டான். ஒருகாலத்தில் அலை அத்தெருவின் விளிம்பில்தான் மோதியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடலைத் தூர்த்து நிலமாக்கிக் கிடங்குகளையும் வெல்டு கீயையும் அமைத்தனர். நாம் நின்ற இடத்துக்கும் இன்றைய கரைக்கும் இடைப்பட்ட மண் முழுவதும் மனிதர் சுமந்து கொட்டிய மண்ணே.

நண்பகல் உணவு நாசி கண்டார். 'கண்டார்' என்பது தோளில் சுமக்கும் தண்டைக் குறிக்கும் மலாய்ச் சொல். இருபுறமும் சோற்றுப்பானையும் குழம்புப்பானையும் தொங்க, தமிழ் முசுலிம் வணிகர்கள் துறைமுகத் தொழிலாளர்களுக்கு உணவைத் தூக்கிச் சென்று விற்றனர். இன்று நாடு முழுவதும் விரும்பி உண்ணும் அவ்வுணவும் ஒரு சுமையின் பெயரையே தாங்கியுள்ளது.

எழுத்தறிவித்த தீவு

தமிழாசிரியர்கள் இத்தீவுக்கு வேறொரு வகையிலும் கடன்பட்டவர்கள். 1816ஆம் ஆண்டில் இங்குத் தொடங்கப்பட்ட பினாங்கு பிரீ ஸ்கூலில் நடைபெற்ற தமிழ் வகுப்பையே மலேசியத் தமிழ்க்கல்வியின் தோற்றுவாயாகக் கொள்கிறோம். அதன் 200ஆம் ஆண்டு நிறைவை 2016ஆம் ஆண்டில் நாடெங்கும் கொண்டாடினோம். என் பள்ளியிலும் விழா எடுத்தோம், மாணவர்கள் கும்மியடித்தனர், நான் உரையாற்றினேன். அந்த முதல் வகுப்பு நடந்த நாட்களில், அதே நகரத்தில் துரைசாமி வாழ்ந்துகொண்டிருந்தார் என்பதை அவ்வுரையில் நான் சொல்லவில்லை. அப்போது இரண்டையும் இணைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஆண்டுகளை மனப்பாடம் செய்கிறோம். ஆண்டுகளை அருகருகே வைத்துப் பார்க்க மறந்துவிடுகிறோம்.

சுவர் இருக்கிறது, வாழ்ந்தவர் எங்கே?

மூன்றாம் நாள் காலை, திரும்புவதற்கு முன் மீண்டும் கடைத்தெருவுக்குச் சென்றோம். பூக்கடைகளும் துணிக்கடைகளும் மளிகைக்கடைகளும் களைகட்டியிருந்தன. பலசரக்குக் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். தாம் பிறந்ததே அடுத்த தெருவில், ஒரு கடையின் மாடியில் என்றார். "இப்போது அங்கே தங்குகிறீர்களா, ஐயா?" என்றேன். "இல்லை தம்பி, இப்போது அங்கே உங்களைப் போன்றவர்கள் தங்குகிறார்கள். ஓட்டலாகிவிட்டது" என்று சிரித்தார். அச்சிரிப்பில் குறை கூறும் தொனி இல்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

பழைய வீடுகளின் வாடகையை உயர்த்தாமல் காத்துவந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு நீங்கியது. தலைமுறை தலைமுறையாகக் கடைவீடுகளில் குடியிருந்த குடும்பங்கள் பல, உயர்ந்த வாடகையைத் தாங்கமாட்டாமல் நகரைவிட்டு வெளியேறின. 2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள், மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனையும் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அதனால் இடிபட இருந்த கட்டடங்கள் பிழைத்தன, ஓடுகள் மாற்றப்பட்டன, சுவர்கள் வண்ணம் பெற்றன, பயணிகள் பெருகினர். இது நன்மையே, மறுப்பதற்கில்லை. ஆயினும் படகுக்காரத் தெருவில் படகுக்காரர் இல்லை. கட்டடம் நிலைத்து, அதில் வாழ்ந்தவரின் நினைவு கலைந்துபோனால், எஞ்சுவது அழகான ஓர் உறைதான். மரபுச் சின்னம் என்னும் தகுதி சுவரைக் காக்கும். அச்சுவருக்குள் வாழ்ந்தவரின் கதையைக் காக்கும் கடமை, அவர் வழிவந்தவர்க்கும் அவர்களுக்குக் கற்பிப்பவர்க்கும் உரியது.

லைட்டுக்குச் சிலை உண்டு, தெரு உண்டு, கல்லறையும் உண்டு. அவருடைய பங்கை மறுப்பது என் நோக்கமன்று. அவர் பெயரோடு பாடத்தை முடித்துவிடுவதுதான் குறை. அக்குறைக்கு முதற்பொறுப்பு என்னைப் போன்றோருடையது. பாடநூலில் ஒரு வரி இருந்தால், அவ்வரிக்கு அடியில் இருக்கும் பத்து வரிகளைத் தேடித் தருவதற்கென்றே ஆசிரியர் இருக்கிறார்.

பள்ளி திறந்ததும் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தேன். உங்கள் தாத்தாவோ பாட்டியோ என்ன வேலை செய்தார், எந்த ஊரில் செய்தார், எதைக் கட்டினார் அல்லது சுமந்தார் அல்லது நட்டார் என்று வீட்டில் கேட்டு, ஒரு பக்கம் எழுதி வாருங்கள் என்றேன். ஒரு மாணவி தன் கொள்ளுத்தாத்தா ரயில் தண்டவாளம் போட்டதாக எழுதியிருந்தாள். ஒருவன், தன் பாட்டி நட்ட ரப்பர்மரங்கள் இருந்த இடத்தில் இப்போது வீடமைப்புத் திட்டம் இருப்பதாக எழுதியிருந்தான். மற்றொருவன், 'தாத்தாவிடம் கேட்டேன். இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை என்றார்' என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழே இரண்டு பக்கம் எழுதியிருந்தான்.

அவ்வேடுகளைக் கட்டிப் பள்ளி நூலகத்தில் வைத்திருக்கிறேன். அடுத்த விடுமுறையிலும் பினாங்குக்கே போகலாம் என்று என் மகன் சொல்லிக்கொண்டிருக்கிறான். இம்முறை காரைப் பட்டர்வொர்த்திலேயே நிறுத்திவிட்டுப் புதிய ஃபெர்ரியில் போக வேண்டுமாம். கம்பித் தடுப்பருகே நின்று அவன் கடலைப் பார்க்கட்டும். அவன் சட்டைக் கழுத்தை நான் பிடித்துக்கொள்கிறேன்.